மேலும் ஆய்வு தேவை

கரண்டு போனதும் எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். தறிச் சத்தத்தைச் சொல்லவில்லை, தம்பி. அது எப்போதும் இருப்பது. எப்போதும் இருப்பது காதில் விழாது. தெரு முழுக்கத் தறிக் கொட்டகை. அதற்குள் நின்று ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். பொசுக்கென்று கரண்டு போகும். தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றுவிடும். கத்திக்கொண்டிருந்த வாய் அப்படி உடனே நிற்குமா? பாதிப் பேச்சு தெருவில் வந்து விழும். "...மாமியாக்காரி போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு விடியும்!" என்று ஒரு குரல். மாமியார்க்காரி பக்கத்துக் கொட்டகையில்தான் இருப்பாள். ஒரு நொடி தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். அப்புறம் சிரிப்பு. கொட்டகைக்குக் கொட்டகை சிரிப்பு.

அந்தச் சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு குரல் மட்டும் கத்திக்கொண்டே இருக்கும். அது என் அம்மா.

நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், அங்கே வெயில் விழும். காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அழைப்பிதழைப் பார்த்தேன். "சிக்கலான ஆய்வைத் தெளிவாகவும் மனதில் நிற்கும்படியும் எடுத்துரைக்கும் கலை." கலை! ஆராய்ச்சி மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம். நான் வந்து குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைக்க வேண்டும். தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஏன் என்று சொல்கிறேன். சொல்லாமல் உங்களை வெறும் கையோடு அனுப்பினால், கிழவிக்குத் திமிர் என்பீர்கள்.

நான் இயற்பியல்காரி. ஒலியியல். எங்கள் ஊர்க் கொட்டகைகளில் எவ்வளவு சத்தம், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று வருஷக்கணக்காக அளந்தேன். தறி ஓட்டும் பெண்களைக் கல்லூரிக்கு அழைத்துவந்து, சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருத்தியின் காதையும் சோதித்தேன். காகிதத்தில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் ஒரு பள்ளத்தில் இறங்கும்; அந்த அதிர்வெண் அவள் காதில் விழவில்லை என்று அர்த்தம். எல்லாப் பெண்களுக்கும் அதே இடத்தில் அதே பள்ளம். இப்படி ஒரே மாதிரி வருவது ஆராய்ச்சியில் எவ்வளவு அபூர்வம் தெரியுமா? அழகான முடிவு. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என் அம்மாவை மட்டும் சோதிக்கவில்லை. வீட்டில்தான் இருந்தாள், கல்லூரிக்கு மூன்று தெரு தள்ளி. ஆனால் சொந்தக்காரர்களைச் சேர்த்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அது விதி. கல்லூரியில் யாருக்கும் என் அம்மா தறி ஓட்டியவள் என்று தெரியாது. கேட்டால், அம்மா வீட்டில் இருக்கிறார்கள் என்பேன். பொய்யில்லையே. காது போன பிறகு வீட்டில்தானே இருந்தாள்.

இத்தனையையும் நான் அலமாரியில் பூட்டிவைக்கவில்லை, தம்பி. ஊருக்குச் சொன்னேன். வருஷா வருஷம் தறி உரிமையாளர்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். நான் திரையில் படம் காட்டுகிற ஓ.எச்.பி. கருவியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோவேன். அறுபது ஷீட். ஒன்றுகூட வெற்று ஷீட் கிடையாது. அட்டவணை, வரைபடம், பிழையின் அளவு, அந்தப் பிழை எதனால் வந்தது என்பதற்கு இன்னொரு அட்டவணை. எதையும் விட்டுவிடக்கூடாது. விட்டால் அது மறைத்தது மாதிரி. முடிவில், எந்த நேர்மையான ஆய்வாளரும் சொல்ல வேண்டியதைச் சொல்வேன்: "இது குறித்து மேலும் ஆய்வு தேவை."

சங்கத் தலைவர் நாச்சிமுத்து. மேல்துண்டும் வெற்றிலைப் பையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் எழுந்து கேட்டார்: "ஏனுங்க புரபசரம்மா, எல்லாஞ் சொன்னீங்க. இப்ப நாங்க என்னதானுங்க பண்ணோணும்?"

"மேலும் ஆய்வு தேவைங்க" என்றேன்.

"அப்ப நல்லாப் பண்ணுங்க. ஆய்வு முடிஞ்சதும் சொல்லியுடுங்க, பண்ணிப்போடலாம்" என்று கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போனார். நல்ல மனுஷர். படிக்காதவர், அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருத்தர் குறட்டை விட்டார். அதையும் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் வசந்தாமணி வந்து சேர்ந்தாள். ஊருக்கு வெளியே ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். கல்யாணமாகி, முப்பது வயதுக்கு மேல் ஆன பிறகு, பகுதி நேரமாக டாக்டர் பட்டத்துக்கு என்னிடம் பதிவு செய்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பட்டம் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்லூரியில் சேர வேண்டும், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள வேண்டும். எங்கே போனாலும் அதே பேச்சு. நல்ல உழைப்பாளி, குறை சொல்ல முடியாது. கொட்டகை கொட்டகையாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். சனி, ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்கமாட்டாள். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். எதையும் யாருக்காவது புரியவைத்துவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு.

ஒருநாள் கேட்கிறாள்: "மேடம், நாலாயிரம் ஹெர்ட்ஸுன்னா என்னன்னு எங்க மாமியாளுக்குச் சொல்லோணும். எப்படிங்க சொல்றது?"

"உன் மாமியாருக்கு எதற்கு அது?"

"அவங்கதானுங்க மேடம் தறி ஓட்டறாங்க."

அவள் விடுவதாக இல்லை. தினமும் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் மாமியாரை உட்காரவைத்து ஆய்வைச் சொல்லிப் பார்ப்பாளாம். "ஹெர்ட்ஸுங்கற எடத்துல எந்திரிச்சுப் போயிட்டாங்க மேடம். அடுப்புல வேலை கெடக்குதுன்னு."

"அப்புறம்?"

"எந்த எடத்துல எந்திரிக்கறாங்களோ, அந்த எடத்தை வெட்டிப்போட்டு அடுத்த நாள் மறுக்காச் சொல்றனுங்க."

பாருங்கள் கூத்தை. சர்வதேச இதழ்களில் நிபுணர்கள் சரிபார்க்கிற விஷயத்தை, இவள் அடுப்படியில் ஒரு கிழவியின் முழங்காலை வைத்துச் சரிபார்க்கிறாள். கிழவி எழுந்தால் அந்தப் பகுதி போச்சு. பிழையின் அளவு போச்சு. அட்டவணை போச்சு. சராசரி போச்சு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னிடம் வந்து, "இதுவும் போச்சுங்க மேடம்" என்று சிரிப்பாள். கோழிக்கு இறகு பிடுங்குகிற மாதிரி இருக்கும் எனக்கு.

காது போனவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. அதுதான் விஷயம். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இதை நான் பதினோரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? "அத்தை, நான் சொல்றது என்னன்னு சொல்லுங்க" என்று, மெய்யெழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, வெறும் உயிரெழுத்தாக ஆ, ஊ, ஏ என்று ஒரு வாக்கியம் பேசினாளாம். கிழவி விழுந்து விழுந்து சிரித்தாளாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு எல்லாரும் பேசறது இப்படித்தான் கண்ணு இருக்குது" என்றாளாம். அன்றைக்குக் கடைசிவரை எழுந்திருக்கவில்லையாம். இதை என்னிடம் சொல்லும்போது வசந்தாமணியின் கண்ணெல்லாம் பளபளப்பு. பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. எனக்கு என்னவோ அழுக்குத் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது.

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் நிமிர்ந்து பேசுங்கள், தம்பி. இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள். பால்காரன், தபால்காரர், டாக்டர், எல்லாரும். ஒருத்தருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை.

என் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் கொட்டகை ஒன்றில் அளந்துகொண்டிருந்தோம். கரண்டு போயிற்று. நான் சொன்னேனே, அதே மாதிரி ஒருத்தியின் பாதிப் பேச்சு தெருவில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்தாள். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என் அம்மா இதே தெருவில் தறி ஓட்டினாள், தறி நின்றாலும் அவள் குரல் நிற்காது, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அந்தக் குரல் கேட்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன், என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அவள் சிரிக்கவில்லை. "உங்கம்மா என்னன்னுங்க மேடம் கத்துவாங்க?" என்றாள்.

"என்ன கத்துவாள்? கண்ணு, சோறுண்டயா, கொழம்பு உறியில இருக்குது, சுட வெச்சுத் தின்னு. வேறென்ன."

அவ்வளவுதான் பேச்சு. கரண்டு வந்தது. வேலையைப் பார்த்தோம்.

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு வசந்தாமணி தானும் பேசுகிறேன் என்றாள். என்னுடைய ஒரு மணி நேரத்தில் கடைசிக் கொஞ்ச நேரத்தைக் கொடுத்தேன். பெருந்தன்மையாகத்தான் கொடுத்தேன். அவள் ஆய்வேடு எழுதி முடித்து, கறுப்பு காலிகோ துணி அட்டையும் பொன் எழுத்துமாகக் கட்டும் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. முதல் பக்கத்தில் நெறியாளர் சான்றிதழில் என் கையெழுத்து. அது விழுந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போகும். விழாவிட்டால் எங்கும் போகாது.

கல்யாண மண்டபத்தில் விழா. நான் என் ஷீட்டுகளை முடித்தேன். முன்வரிசையில் கொட்டாவி. அவள் மேடை ஏறினாள். ஓ.எச்.பி.யை அணைத்துவிட்டாள். கையில் ஒரு டேப் ரெக்கார்டர். மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினாள்.

தறிச் சத்தம். மண்டபம் அதிர்ந்தது. பந்திக் கூடத்திலிருந்து சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று அவள் வாயை வாயை அசைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிகிறது. நாச்சிமுத்து காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். என் அறுபது ஷீட்டுக்கு அந்த மனுஷர் ஒருநாளும் அப்படிக் கை வைத்ததில்லை.

படக்கென்று டேப்பை நிறுத்தினாள்.

நிசப்தம். அந்த நிசப்தத்தில் அவள் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். "கண்ணூ! சோறுண்டயா! கொழம்பு உறியில இருக்குது! சுட வெச்சுத் தின்னூ!"

மண்டபமே சிரித்தது.

என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, தம்பி. முன்னூறு பேர், வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காட்டிக்கொண்டு. அதே தெருச் சிரிப்பு. எனக்கு உள்ளங்கால் வரை கூசிப் போயிற்று. எழுந்தேன். பக்கத்து வாசல் வழியாகப் பந்திக் கூடத்துக்குப் போய், ஓடுகிற கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். மைக்கில் அவள் அப்புறம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கேட்டவரைக்கும் போதும்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் சாப்பிட வந்தது. வழக்கமாக இலைக்கு முண்டியடிப்பார்கள். அன்றைக்குச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். நாச்சிமுத்து நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"புரபசரம்மா, இத்தன வருசமா நீங்க சொல்லிட்டிருந்தது இதைத்தானுங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார்:

"என்னப் பெத்த எங்காயாளும் இப்படித்தானுங்க கத்தும். கரண்டு போனாக்கூடக் கத்தும். நாங்க கிறுக்குன்னு சொல்லிச் சிரிச்சிட்டிருந்தமுங்க." துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்த அதே கையால் கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அழுகையும் நெய்யும் ஒரே கையில். ஒரு எண்ணைக் கேட்கவில்லை, ஒரு வரைபடத்தைக் கேட்கவில்லை. ஒரு கத்தலைக் கேட்டு அழுகிறார்கள். இதையா மனதில் நிற்பது என்கிறீர்கள்? ஈயும்தான் கேசரியில் நிற்கிறது.

அந்த மாதமே சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தறி ஓட்டுகிற எல்லாருக்கும் காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான். வருஷம் ஒருமுறை காது சோதனை. இன்றைக்கும் நடக்கிறதாம். நல்லதுதான். நான் வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் எதை நம்பிச் செய்தார்கள்? ஆதாரத்தை நம்பியா செய்தார்கள்? அதுதான் என் கேள்வி.

திங்கட்கிழமை வசந்தாமணி துறைக்கு வந்தாள். ஒயர்க் கூடையில் ஆய்வேட்டின் நாலு படிகள். என் மேஜைமேல் அடுக்கினாள். கையெழுத்துப் போடும் பக்கத்தில் ஒரு மயிலிறகு வைத்திருந்தாள், அடையாளத்துக்கு. டீச்சர் புத்தி.

"என் அம்மாவை மேடையில் ஏற்றிவிட்டாய்" என்றேன்.

"பேரைச் சொல்லலீங்க மேடம். ஒரு அம்மான்னுதான் சொன்னேன்."

"எல்லாரும் சிரித்தார்கள்."

"மொதல்லதானுங்க சிரிச்சாங்க. நீங்க முழுசாக் கேட்டிருக்கோணும் மேடம். அதுக்கப்பறம்..."

"எனக்கு அதற்கப்புறம் வேண்டாம். இனி எந்த மேடையிலும் அதைச் சொல்லமாட்டேன் என்று சொல். இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன், தம்பி. என் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வார்த்தைதான் கேட்டேன். இத்தனை வருஷ உழைப்புக்கு எதிரில் ஒரு வார்த்தை.

அவள் மேஜையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பவானிப் பக்கம் ரெண்டு சங்கத்துல கூப்பிட்டிருக்கறாங்க மேடம். அடுத்த வாரம். அதில்லாமச் சொன்னா அவங்களுக்குப் புரியாதுங்க."

"அப்படியென்றால் புரிய வேண்டாம்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத பிள்ளையை டீச்சர் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். என்னை! பிறகு நாலு படிகளையும் ஒவ்வொன்றாக ஒயர்க் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "வர்றனுங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் பவானிக்குப் போய்ப் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். சிரித்தார்களா என்று கேட்கவில்லை.

கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று. துறையில் எல்லாரும் சொன்னார்கள். நான் போடவில்லை. போடக்கூடாது என்றில்லை, அவள் வந்து கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அவள் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் பதிவு காலாவதியானது. அதே வருஷம் நானும் ஓய்வு பெற்றேன். வேறு நெறியாளரிடம் போயிருக்கலாமே என்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் ஒலியியலுக்கு நான் ஒருத்திதான்.

காப்பியைக் குடிக்கவே இல்லை நீங்கள்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். வசந்தாமணியையா? உங்கள் பயிலரங்கத்துக்கு அவளையா கூப்பிடலாம் என்கிறீர்கள்? அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். எல்லாப் பெயருக்கும் முன்னால் முனைவர் என்று போட்டிருக்கிறது. அது உங்கள் பல்கலைக்கழக விதி, தம்பி, நான் போட்டதில்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறவர் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். அவளைக் கூப்பிட உங்களால் முடியாது.

அவள் பட்டம் வாங்கவில்லை. போன மே மாதம் ஓய்வு பெற்றாள், அதே பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு டீச்சராகவே.